சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் லைன் வீடுகள் பலவற்றில் காலை ஏழு மணிக்குத்தான் இரவு தொடங்கும். கம்பெனி பஸ் நைட் ஷிப்ட் முடித்தவர்களைச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போகும். வந்தவர் பொதுக் குழாயடியில் குளித்து, ரெண்டு இட்லி சாப்பிட்டு, ஜன்னலில் பழைய புடவையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் படுப்பார். வீடு மொத்தமும் ஒரே அறை. அதே அறையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று டம்ளரையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதல் தட்டு தட்டியதுமே அம்மா ஓடி வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். "சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு."

அந்த அப்பாவைக் குறை சொல்ல முடியாது. இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்தவர். பகலில் தூங்காவிட்டால் அன்றிரவு கை பிசகும். அம்மாவையும் குறை சொல்ல முடியாது. பிழைப்புக்குச் செய்ய வேண்டியதைத்தான் இருவரும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கரண்டிச் சத்தத்துக்கு ஒரு பொருள் உண்டு. குழந்தை நம்மிடம் பேச்சுக் கொடுக்கிறது.

நம் பாட்டிகளுக்கு இது தெரியும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை "ங்..." என்று இழுத்தால் பாட்டி குனிந்து "ங்கா" என்பாள். பிள்ளை சிரிக்கும். பாட்டி கண்ணை விரிப்பாள். பிள்ளை காலை உதைத்து மறுபடி "ங்..." என்னும். இப்படிப் போவதும் வருவதுமாக நடக்கும் இந்தச் சின்னப் பரிமாற்றத்தில்தான் மூளையின் நரம்பிணைப்புகள் உறுதிப்படுகின்றன என்கிறது குழந்தை வளர்ச்சி அறிவியல். மொழி, கவனம், பிறர் முகம் பார்த்து மனம் அறிவது எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இங்கே விழுகிறது. பதில் கிடைத்த இணைப்பு நிலைக்கும். பயன்படாத இணைப்பு மெல்ல உதிரும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சும்மா பார்க்க வேண்டும். அடிக்கவில்லை, திட்டவில்லை, விட்டுப் போகவும் இல்லை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். கத்தும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் தளர்ந்து, தன் கையைத் தானே பிடித்துக்கொள்ளும். தாய் மறுபடி சிரித்ததும் கொஞ்ச நேரத்தில் தேறிவிடும்.

இந்தக் கடைசி வரி முக்கியம். தூங்கும் அப்பாவுக்காக நாலு மணி நேரம் அமைதியாக இருப்பதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போகாது. மாலையில் யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு "என்னடி செல்லம் சொல்ற?" என்று கேட்டால் போதும், விட்ட இடத்தில் பேச்சு தொடரும். கேட்பதற்கு அந்த ஒருவரும் இல்லாத வீட்டில்தான் ஆபத்து. கும்மிடிப்பூண்டியில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த இளம் தம்பதிகள். பாட்டி ஊரில் இருக்கிறாள். பலருக்கு அக்கம்பக்கத்தில் பேசும் பாஷையும் வேறு. அப்பா ஷிப்டில். அம்மாவும் சோர்ந்து போனால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

அம்மா சோர்ந்து போவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதைத் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். 11 சதவீதப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் புதியவை அல்ல: வருமானக் குறைவு, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, கைக்கு ஒத்தாசை இல்லாதது.

அதே கணியம்பாடியில் 2004-ல் வெளியான இன்னோர் ஆய்வு, ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையிலான ஊட்டம் குறைந்த குழந்தைகளையும் நல்ல எடையுள்ள குழந்தைகளையும் ஒப்பிட்டது. ஊட்டம் குறைந்த பிள்ளைகளின் தாய்மார்களிடம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தெளிவாகவே அதிகம். நம் அங்கன்வாடியில் எடை குறைந்த குழந்தைக்குச் சத்துமாவு கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். அந்த மாவைக் கரைத்து ஊட்ட வேண்டிய கை எழும்பாமல் கிடக்கிறதா என்று கேட்பதில்லை. என் பார்வையில் குழந்தை மனநலத்தில் நாம் விடும் முதல் பெரிய ஓட்டை இதுதான்.

அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கு வருகிறது. திங்கட்கிழமை பிரேயர் முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "வயித்த வலிக்குது மிஸ்." மிஸ் வீட்டுக்குப் போன் செய்வார். அம்மா வந்து கூட்டிப்போய் ஓம வாட்டர் கொடுப்பார். பூச்சி மாத்திரையும் ஆகிவிடும். அடுத்த வாரமும் வலிக்கும். ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. "நடிக்குது" என்று முடிவு கட்டுவார்கள்.

நடிப்பு இல்லை. நம் குடல் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் கொண்ட தனி வலைப்பின்னலே இருக்கிறது. மூளைக்கும் அதற்கும் இடையே ஓயாமல் செய்தி போய்வருகிறது. பயம் வந்தால் மூளையின் அடியிலிருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்ட்டிசால் ரத்தத்தில் ஏறும். குடலின் அசைவு மாறும். சாதாரண அசைவுகூட வலியாக உணரப்படும். "வயித்தைக் கலக்குது", "வயித்துல புளியைக் கரைக்குது" என்று பயத்துக்கு நாம் சொல்லும் சொற்களே உடலியல் பேசுகின்றன. பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வாக்கியம் கிடையாது; வயிறுதான் இருக்கிறது.

கார்ட்டிசால் ஏறுவது தவறல்ல. சற்று நேரத்தில் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். சிறு பிள்ளைகளுக்கு அதை இறக்கும் வலுவான பிரேக், நம்பிக்கையான ஒரு பெரியவரின் மடி. வீட்டில் குடிச்சண்டை, கடன்காரர் வாசலில் நிற்பது, அடி, பசி என்று நாள்தோறும் அது ஏறிக்கொண்டே இருந்து, இறக்க ஆளும் இல்லையென்றால் தூக்கம் கெடும், கவனம் சிதறும், படித்தது மனதில் நிற்காது. மனநோய்களின் தொடக்க வயதை உலக அளவில் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2022-ல் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 14 வயதுக்குள்ளும், ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் ஒரு வகையில் பள்ளிகளில் தரும் காலைச் சிற்றுண்டித் திட்டத்தையும் மனநலத் திட்டம் என்றே சொல்வேன். ஆறு மணி ஷிப்டுக்குப் பெற்றோர் கிளம்பிவிட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குச் சூடான உப்புமாவோடு "சாப்பிட்டியா?" என்ற கேள்வியும் கிடைக்கிறது.

இனி சொல்லப்போவது இந்தத் தொழிற்பேட்டைக்கே உரிய விஷயம். சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வருகிறார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிறது. யூனிபார்ம் பேண்ட்டில் முகத்தைப் புதைக்கிறது. அந்த நேரம் அவர்கள் இருவருக்குமே நாளின் சிறந்த நேரம். அப்பா பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவராக இருந்தால், அந்த பேண்ட்டில் ஈயத்தூள் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் அத்தகைய ஆலைகளும் உண்டு.

ஈயம் உடலுக்குள் கால்சியம்போல் வேஷம் போடும் உலோகம். கால்சியத்துக்காகத் திறக்கும் வழிகளில் நுழைந்து மூளைக்குள் போய், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இடங்களில் குழப்பம் செய்கிறது. வாய்வழி போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இன்னும் அதிகம்; இரும்புச்சத்து குறைந்த குடல் ஈயத்தையும் சேர்த்து இழுக்கும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

இதைச் சென்னையிலேயே சோதித்திருக்கிறார்கள். போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்தார்கள். சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டுதல். அந்தக் குழந்தைகள் வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் தனியாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். ஈயம் கூடக்கூட பதற்றமும் கவனக்குறைவும் துறுதுறுப்பும் மற்ற பிள்ளைகளோடு ஒத்துப்போகாமையும் கூடின. 2009-ல் வெளியான முடிவு இது. ஓரிடத்தில் உட்காராத பிள்ளையைப் பார்த்து "வளர்ப்பு சரியில்லை" என்று அம்மாவைத் தலைகுனிய வைக்கும் முன், அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று ஒருமுறை கேட்க வேண்டும்.

தடுப்பது பெரிய வித்தை இல்லை. ஆலையிலேயே குளித்து, உடை மாற்றி, செருப்பையும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். யூனிபார்மை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. சாப்பிடும் முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈய வேலைக்கான தொழிற்சாலை விதிகள் கழுவும் வசதியையும் பாதுகாப்பு உடையையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் வட மாநிலத்துப் பையனுக்கும் அந்தக் குளியலறையில் இடம் உண்டா என்பதைத் தொழிற்சாலை ஆய்வாளர்கள் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா குளித்துவிட்டு வந்தால், அந்த ஓட்டமும் கட்டிப்பிடிப்பும் முழு நன்மை.

ஈயத்தைத் தவிர, இடம்பெயர்வும் பிள்ளைகளின் மனதைத் தொடும்: ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளைகளில் ஒடியா பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஊரும் பள்ளியும் சிநேகிதர்களும் மாறும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கும்மிடிப்பூண்டிக்குள்ளேயே இன்னொரு தனிமை உண்டு: இலங்கைத் தமிழர் முகாம். 1990-ஐ ஒட்டிக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே பள்ளிக்குப் போகிறார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அந்தப் பிள்ளைகள் குண்டுவீச்சைக் கண்டதில்லை. ஆனால் பட்டாசுச் சத்தத்தில் தாத்தா விறைத்துப்போவதைக் கண்டிருப்பார்கள். சில பெயர்களைச் சொன்னால் வீட்டில் பேச்சு நின்றுபோவதைக் கண்டிருப்பார்கள். போரின் காயம் தனி மனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊர் உறவையும் சேர்த்தே சிதைக்கிறது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். அதனால் சிகிச்சையும் குடும்பத்தையும் ஊரையும் தொட வேண்டும் என்பது அவர் வாதம்.

அதைச் செய்து பார்த்த கதை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1986-ல் சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் தம் குழுவோடு ஒரு முறையைச் சோதித்தார். முகாமில் வாழ்பவர்களிலேயே சிலரைத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தார்கள். நொந்துபோயிருப்பவரைத் தேடிப்போய்ப் பேசுவார்கள். திரும்பத் திரும்பப் போவார்கள். கூடவே உட்கார்ந்து ஓர் அட்டை எழுதுவார்கள்: மனம் இருளும்போது எனக்கு முதலில் என்ன தெரியும், அப்போது நான் என்ன செய்வேன், யாரிடம் போவேன், யாருக்குப் போன் செய்வேன். இதன் முடிவு 2017-ல் வெளியானது. இதற்கு முந்தைய பெரிய சோதனையொன்றை உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் நடத்தி 2008-ல் வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு ஒரு மணி நேரப் பேச்சு, அதன் பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்ற விசாரிப்பு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். புது மருந்து எதுவும் தரவில்லை. ஒருவர் தொடர்ந்து கேட்டார்.

தாய்மார்களுக்கு இதே வழி ராவல்பிண்டியில் பலித்தது. மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் தலைமையில் பாகிஸ்தான் கிராமங்களில் நடந்த சோதனை அது. கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த 900-க்கும் மேற்பட்ட பெண்களை, வழக்கமாக வீடு வீடாகப் போகும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களே பார்த்துக்கொண்டார்கள். "உங்களுக்கு மனநோய்" என்று வாசலில் நின்று சொல்லவில்லை. "பிள்ளை நல்லா வளரணும், அதுக்கு எல்லாரும் என்ன செய்யலாம்?" என்று மாமியாரையும் கணவரையும் கூட்டி உட்கார வைத்துப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்தப் பேச்சு கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு நீடித்தது; கிடைக்காதவர்களில் 53 சதவீதம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, தாயோடு தகப்பனும் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியது. மாமியாரைச் சேர்த்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கணியம்பாடியில் நோய்க்குக் காரணமாக நின்ற உறவு, இங்கே மருந்தில் ஒரு பங்கு.

பள்ளிகளில் யார் இதைச் செய்வது? பீகாரில் நாளந்தா மாவட்டத்து 74 பள்ளிகளில் செய்த சோதனை 2018-ல் வந்தது. சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவரை வைத்தார்கள். சில பள்ளிகளில் அதே வேலையை ஆசிரியரிடமே கொடுத்தார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வும் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவதும் குறைந்தன. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் மாற்றமே இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. பாடம், தேர்வு, பதிவேடு, கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே நிரம்பி வழியும் தோளில் இதையும் ஏற்றினால் நிற்காது. தவிர, மதிப்பெண் போடுபவரிடம் பிள்ளை மனதைத் திறக்கத் தயங்கும். மனநலத்தையும் வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ளட்டும் என்ற சுற்றறிக்கையோடு முடித்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த முடிவு கேள்வி கேட்கிறது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் மாவட்டந்தோறும் நடக்கிறது. 2013 முதல் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் குழுக்கள் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, கவனக்குறைவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முன்பெல்லாம் பெரிய சிக்கல் என்றால் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சீட்டு வாங்கிக் காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இரண்டாவது முறை வரச் சொன்னால் பலர் போவதில்லை. அதனால் கட்டடங்களைவிட நேரமும் தூரமும்தான் இங்கே பெரிய தடை என்பேன். மனநல மருத்துவர் வட்டார ஆஸ்பத்திரிக்கு வருவது பகல் பத்து மணிக்கு என்றால், ஜெனரல் ஷிப்டில் இருக்கும் அப்பா ஒருநாளும் அவரைப் பார்க்க மாட்டார். சிப்காட் வட்டாரத்தில் வாரம் ஒரு மாலை நேர வெளிநோயாளர் பிரிவு வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுப்படி ஏறி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அவர்கள் இரண்டு கேள்விகள் சேர்த்துக் கேட்கட்டும். "ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம இருக்கா?" "மனசு சோர்ந்து, எல்லாம் போச்சுன்னு தோணுதா?" உலகெங்கும் மருத்துவர்கள் முதல் சல்லடையாகப் பயன்படுத்தும் கேள்விகள் இவை இரண்டும்தான். ஆம் என்று பதில் வந்தால் அடுத்து யாரிடம் அனுப்புவது, எந்தக் கிழமை, எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அவர்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். வழி சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வருவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை.

இந்த ஏற்பாடுகள் வரும்வரை, இதை வாசிக்கும் நீங்கள் ஓர் எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்து லைன் வீட்டு அம்மாவுக்கும் பதிந்து கொடுங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர் முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், நைட் ஷிப்ட் நேரத்திலும் எடுப்பார்கள்.